படுத்துப் பார்த்து வாங்க வேண்டிய உடை

நான் முதன்முதலாக வாங்கிய பளபளப்பான இரவு உடை, ஒரு சாட்டின் ஸ்லிப், கரும்பச்சை நிறம். கண்ணாடி முன்னால் நின்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவு மூன்று முறை விழிப்பு வந்தது. முதல் முறை ஸ்ட்ராப் நழுவி முழங்கைக்கு வந்திருந்தது. இரண்டாம் முறை துணி முறுக்கிக்கொண்டு இடுப்பில் கயிறாகியிருந்தது. மூன்றாம் முறை வியர்வை. முதுகில் யாரோ பாலிதீன் உறையை ஒட்டிவிட்டாற்போல் இருந்தது. விடியுமுன் எழுந்து பழைய பருத்திச் சட்டைக்கு மாறிக்கொண்டேன். நின்று பார்த்து வாங்கியதைப் படுத்துக்கொண்டு உடுத்த வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அழகான இரவு உடையை முதன்முறையாக வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த வரிசையில் யோசித்தால் பணம் வீணாகாது, வாங்கியதை எப்படித் துவைத்தால் ஆறு மாதத்தில் கந்தலாகாது என்பதே விஷயம்.

இதில் தூங்கப் போகிறீர்களா?

முதல் முடிவு இதுதான். ஒரு மணி நேரம் அழகுக்காக உடுத்தும் உடை வேறு. இரவு முழுவதும் உடுத்தித் தூங்கும் உடை வேறு. முதல் வகையில் கம்பி வைத்த கப், முதுகில் வரிசையாகக் கொக்கிகள், விறைப்பான லேஸ் எல்லாம் இருக்கலாம். கொஞ்ச நேரம்தானே, உடம்பு பொறுத்துக்கொள்ளும். இரண்டாம் வகையில் இவை எதுவும் கூடாது. ஏமாற்றங்களில் பெரும்பாலானவை, முதல் வகையை வாங்கி இரண்டாம் வகையாகப் பயன்படுத்துவதால் வருபவை.

இரண்டாம் வகைதான் வேண்டும் என்றால், நீங்கள் எப்படித் தூங்குபவர் என்று யோசியுங்கள். புரண்டு புரண்டு படுப்பவருக்கு நீளமான ஸ்லிப் காலில் சுற்றிக்கொள்ளும். முட்டிக்கு மேலே நிற்கும் நீளமோ, காமிசோல் என்னும் குட்டை மேலாடையும் ஷார்ட்ஸும் சேர்ந்த ஜோடியோ நல்லது. குப்புறப் படுப்பவர் மார்பின் நடுவில் பித்தானோ முடிச்சோ கல்பதித்த அலங்காரமோ உள்ள எதையும் தொடாதீர்கள். காலையில் அதன் அச்சு தோலில் இருக்கும். இரவில் வியர்ப்பவர்கள் நேராகத் துணியைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம். உங்களுக்கு வடிவத்தைவிட அது முக்கியம்.

அளவு

மெல்லிய உள்ளாடையோடு நின்று, இஞ்சு டேப்பால் நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: மார்பின் முழுச் சுற்று, மார்புக்குச் சரியாகக் கீழே விலாவைச் சுற்றி, இடையின் ஒடுங்கிய இடம், இடுப்பின் அகன்ற இடம். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும். முதுகுப் பக்கம் அது சரிந்து இறங்கிவிடும். கண்ணாடியில் திரும்பிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இறுக்கிப் பிடித்து இரண்டு செ.மீ. குறைத்து எழுதிக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை.

ஐந்தாவதாக ஓர் அளவு இருக்கிறது. அதை அநேகமாக யாரும் எடுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இடுப்பைச் சுற்றி மறுபடி அளந்து பாருங்கள். நின்றபோது வந்த எண்ணைவிடச் சில செ.மீ. கூடியிருக்கும். முழங்காலை மடக்கிப் படுக்கும்போதும் உடம்பு இப்படித்தான் விரிகிறது. பக்கத் தையல் பிரிந்துபோகும் ஸ்லிப்புகள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் பிரிகின்றன. ஆகவே, நீளாத நெசவுத் துணியில் தைத்த உடை என்றால் உட்கார்ந்த இடுப்பளவைவிட 6 முதல் 8 செ.மீ. தளர்வு இருக்கும்படி பாருங்கள். பனியன் துணி போன்ற பின்னல் துணி என்றால் உடலளவே போதும், துணி தானாக இடம் கொடுக்கும்.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல். உடையை மேசைமேல் விரித்து, அக்குளுக்குக் கீழே ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் உண்மையான மார்பளவு தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள, உங்களுக்குப் பிடித்த ஓர் இரவு உடையை இதேபோல் விரித்து அளந்துவைத்துக்கொண்டு அந்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

பெயர்களும் வடிவங்களும்

விற்பவர்கள் பெயர்களைத் தாராளமாகக் கலந்துவிடுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஸ்லிப் என்பது மெல்லிய ஸ்ட்ராப்போடு உடம்பை ஒட்டித் தழைந்து விழுவது. செமிஸ் அதைவிடத் தளர்வானது. காமிசோல் இடுப்போடு நின்றுவிடும் மேலாடை. பேபிடால் மார்புக்குக் கீழே ஒரு தையலிட்டு, அங்கிருந்து விரிந்து தொடையில் நிற்கும் குட்டைக் கவுன். 1942-இல், போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டின்போது அமெரிக்க வடிவமைப்பாளர் சில்வியா பெட்லர் நைட் கவுனின் நீளத்தைக் குறைத்ததிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். நெக்லிஜே என்பது இவற்றின்மேல் போட்டுக்கொள்ளும் மெல்லிய மேலங்கி. பைஜாமாவுக்குப் பாரசீகத்தில் 'கால் உடை' என்று பொருள். இவை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிய லான்ஜெரி, துவைக்கும் துணிகளைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; அதற்கும் மூலம் லினன் நூலின் லத்தீன் பெயர். ஆக, பெயரிலேயே சலவை இருக்கிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

பொருந்துகிறதா என்பதை எங்கே பார்க்க வேண்டும்? மார்புக்குக் கீழே தையல் உள்ள எந்த உடையிலும் அந்தத் தையல் விலா எலும்பின்மேல் உட்கார வேண்டும். அது மார்பின்மேல் ஏறி நின்றால் உடை உங்களுக்குக் குட்டை. எத்தனை லேஸ் இருந்தாலும் பார்க்க நன்றாக இருக்காது. உடையின் கீழ் ஓரம் காலின் தடித்த இடத்தில் முடிந்தால் கால் இன்னும் தடித்துத் தெரியும். அதையே இரண்டு விரல் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் வேறு கால்போல் இருக்கும். ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு, முக்கோணத் துண்டு லேஸை இரண்டு நூல் ஸ்ட்ராப்பில் தொங்கவிட்ட மாதிரி எதுவும் உதவாது. கம்பி இல்லாத ஆனால் வடிவம் தைத்த கப், கீழே அகலமான பட்டை, ஒன்றரை செ.மீ.யாவது அகலமுள்ள ஸ்ட்ராப் ஆகிய மூன்றும் வேண்டும். மார்பு சிறிதாக உள்ளவர்களுக்கு அந்த முக்கோண லேஸ்தான் அழகு. சுருக்கு வைத்த கழுத்தும் நன்றாக இருக்கும். அவர்களுக்குப் பஞ்சு அடைத்த கப் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அது படுத்தால் தனியாக எழுந்து நிற்கும், துவைத்தால் உள்ளே கட்டி தட்டும்.

வயிறு தெரிகிறதே என்று பலர் ஒரு சுற்று பெரிய அளவை எடுக்கிறார்கள். அப்போது தோளும் அக்குளும் தொளதொளத்து, வயிறு மட்டும் அப்படியே தெரியும். பளபளப்பைக் குறைத்துப் பாருங்கள். பளபளக்கும் துணி ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வெளிச்சத்தை வேறு வேறாகத் திருப்பி அனுப்பி உடம்பின் படத்தையே வரைந்துவிடும். மங்கலான துணி அப்படிக் காட்டிக்கொடுக்காது. மார்புக்குக் கீழிருந்து விரியும் வெட்டும், கிராஸ் வெட்டும் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

கிராஸ் வெட்டு என்று தையற்காரர்கள் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துணியில் பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடுகின்றன. இந்த இரண்டு திசையிலும் துணியை இழுத்தால் அது நீளாது. 45 பாகையில் மூலைவாட்டாக இழுத்தால், நூல்களுக்கிடையில் உள்ள சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்சதுரங்களாகி, எலாஸ்டிக் எதுவும் இல்லாமலே துணி நீளும். அந்தத் திசை செங்குத்தாக வரும்படி வெட்டித் தைத்தால் உடை உடம்பை இறுக்காமல் ஒட்டி வழியும். 1920-களில் பாரிஸில் மதலேன் வியோனே இந்த முறையைக் கவுன்களுக்கு முழுமையாகப் பயன்படுத்திப் புகழ்பெற்றார். இன்றைக்கும் நல்ல ஸ்லிப் எது என்று என்னைக் கேட்டால் கிராஸில் வெட்டியது என்றே சொல்வேன். கண்டுபிடிப்பது எளிது: வயிற்றுப் பகுதியில் துணியை இரு கைகளாலும் பிடித்து அகலவாட்டில் மெதுவாக இழுங்கள். துணியில் எலாஸ்டேன் என்னும் நீளும் செயற்கை இழை கலக்கவில்லை என்று லேபிள் சொல்லியும் துணி இடம் கொடுத்தால் அது கிராஸ்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் தீர்மானிக்காதீர்கள். இந்த உடையைப் பார்க்கப்போவது படுக்கையறை விளக்கு. மஞ்சள் கலந்த விளக்கொளியில் வெளிர் நீலமும் லாவெண்டரும் சாம்பலாகச் சோர்ந்துவிடும். சிவப்பும் மெரூனும் தந்த நிறமும் உயிர்பெறும்.

துணி

சாட்டின் என்பது நூலின் பெயர் அல்ல, நெசவின் பெயர். ஒரு நூல், நான்கு அல்லது அதற்கும் மேற்பட்ட குறுக்கு நூல்களுக்குமேல் தாவிப் போய் ஒரு நூலுக்கடியில் மட்டும் நுழைகிறது. அந்தத் தாவல்கள்தான் பளபளப்பு. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும், தூக்கத்துக்கு வேறு வேறு. அந்த நீண்ட தாவல்கள் நகத்திலும் மோதிரத்திலும் எளிதில் சிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் எவ்வளவு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது என்பதற்கு ஜவுளித் துறையில் ஓர் அளவுகோல் உண்டு. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் ஏற்கும். பட்டு 11. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸும் மோடலும் 11 முதல் 13 வரை போகும். நைலான் 4. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை, 0.4. என் கரும்பச்சை ஸ்லிப் அந்த 0.4 இனம். முதுகு நனைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதை வைத்துப் பாலியஸ்டர் சாட்டினே கூடாது என்று சொல்ல மாட்டேன். விலை குறைவு, சாயம் நிற்கும், சுருங்காது. ஒரு மணி நேரத்து உடைக்கு அது போதும், மேலங்கிக்கும் போதும். தோலை ஒட்டி எட்டு மணி நேரம் கிடக்கப் போவது மோடலோ, 'வாயில்' என்னும் மெல்லிய பருத்தித் துணியோ, பட்டோவாக இருக்கட்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு மோடலும் சிறிது எலாஸ்டேனும் கலந்த பின்னல் துணி, கழுத்தில் மட்டும் லேஸ். தழைந்து விழும், வியர்வையை ஏற்கும், துவைப்பதும் எளிது. அதில் பழகிவிட்டு அப்புறம் பட்டுக்குப் போகலாம்.

பட்டின் கனத்தை 'மோமி' என்ற ஜப்பானிய அளவில் சொல்வார்கள். ஒரு மோமி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.3 கிராம். 12 மோமிக்குக் கீழே என்றால் உடம்பு தெரியும். தையலில் சீக்கிரம் கிழியும். 16 முதல் 19 வரை இரவு உடைக்கு நல்ல கனம். 22 நீடித்து உழைக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். மோமியைச் சொல்லாமல் 'தூய பட்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் கேளுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால், வாங்கிய பிறகு உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூலை வெட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடை வீசி, விரலில் நசுங்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். விஸ்கோஸ் காகிதம்போல் எரியும். தையல் நூலே பாலியஸ்டராக இருக்கலாம் என்பதால், எடுப்பது துணியின் நூல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லேஸைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கைத் தோல் தடிமனானது, எல்லாவற்றையும் மென்மை என்று சொல்லிவிடும். முழங்கையின் உள்மடிப்பிலோ கழுத்தின் பக்கத்திலோ லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அங்கே குத்தினால் இரவில் கட்டாயம் குத்தும். லேஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கழுத்தோரத்திலும் கீழ் ஓரத்திலும் இருந்தால் தொந்தரவில்லை. அக்குளிலும் படுத்தால் அழுந்தும் பக்கவாட்டிலும் இருந்தால் அரிக்கும். கீழாடை சேர்ந்த ஜோடி என்றால், கால்களுக்கிடையில் வரும் உள்துண்டு பருத்தியா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

புரட்டிப் பாருங்கள்

உடையின் வெளிப்பக்கத்தை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். தோலில் படப்போவது உள்பக்கம். நல்ல பட்டு உடையில் தையல் ஓரங்கள் இரண்டு முறை மடித்து மூடப்பட்டிருக்கும், பிசிர் நூல் ஒன்றும் தெரியாது. இதைப் பிரெஞ்சுத் தையல் என்பார்கள். ஓவர்லாக் அடித்திருந்தாலும் பாதகமில்லை, அந்த நூல் மென்மையாக இருந்தால் சரி. மீன்பிடி நரம்புபோல் கெட்டியான நைலான் நூலால் தைத்திருந்தால் வைத்துவிடுங்கள். ஸ்ட்ராப் உடையோடு சேரும் இடத்தை இலேசாக இழுத்துப் பாருங்கள். அங்கே நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். நீளத்தைச் சரிசெய்யும் வளையம் உலோகமா பிளாஸ்டிக்கா என்பது பெரிய விஷயமில்லை, முதுகுக்கடியில் வருகிறதா என்பதுதான் விஷயம். மல்லாந்து படுப்பவர்கள் முன்பக்கம் வளையம் உள்ளதை எடுங்கள்.

பிறகு போட்டுப் பாருங்கள், உங்கள் உள்ளாடையின்மேல். இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குங்கள். மார்பு கீழே வழிந்து வெளியே வந்தால் கப் சிறிது. குனியுங்கள். உட்காருங்கள். வீட்டில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் லேபிளைப் பிய்க்காமல், வாசனைத் திரவியம் பூசாமல், கட்டிலில் படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே கிடங்கள். எழும்போது உடை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தால் அது உங்களுடையது. இந்த ஐந்து நிமிடம் வேடிக்கையாகத் தோன்றும். இதற்குப் பிறகு நான் திருப்பி அனுப்பியவை, கண்ணாடி முன்னால் நின்று திருப்பி அனுப்பியவற்றைவிட அதிகம்.

துவைத்தல்

லேபிளில் உள்ள படங்கள் பலருக்குப் புதிர். தொட்டி படத்துக்குள் உள்ள எண், தண்ணீரின் அதிகபட்சச் சூடு. 30 என்றால் 30 பாகை. தொட்டிக்கடியில் ஒரு கோடு இருந்தால் மென்மையான சுழற்சி, இரண்டு கோடு என்றால் இன்னும் மென்மை. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். முக்கோணத்தில் பெருக்கல் குறி என்றால் பிளீச் கூடாது. சதுரத்துக்குள் வட்டம் உலர்த்தும் இயந்திரம். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் மிகக் குறைந்த சூடு, மூன்று புள்ளி என்றால் அதிகம். தனியாக ஒரு வட்டம் இருந்தால் அது சலவையகத்துக்கு.

பட்டு ஒரு புரதம், நம் முடியைப்போல. கறையைத் 'தின்னும்' என்று விளம்பரப்படுத்தும் சலவைத்தூள்களில் பெரும்பாலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கும். அதற்குக் கறை எது, பட்டு எது என்று தெரியாது. அந்தத் தூள்களின் காரத்தன்மையும் பட்டுக்கு ஆகாது. இது எனக்குத் தெரியாத காலத்தில் ஒரு தந்த நிற ஸ்லிப்பை அப்படிப்பட்ட தூளில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் எடுத்தபோது வழுவழுப்புப் போய்விட்டிருந்தது. விரலை ஓட்டினால் காய்ந்த வாழைச்சருகைத் தொடுவதுபோல் சரசரத்தது. பளபளப்பு திரும்ப வரவே இல்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் என்று குறிப்பிட்டு விற்கும், நொதி இல்லாத சலவைத் திரவம் ஒரு குப்பி வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

கையால் துவைக்கும் முறை: ஒரு வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர், மணிக்கட்டின் உட்பக்கத்தில் தொட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல். சலவைத் திரவம் ஒரு தேக்கரண்டி. முதலில் அதைக் கரைத்துவிட்டு அப்புறம்தான் துணியைப் போட வேண்டும். கொக்கிகளை மாட்டி, உடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக அமுக்கி அமுக்கி எடுங்கள். தேய்ப்பது, அடிப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் கூடாது. அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். நுரை போகும்வரை இரண்டு மூன்று முறை. வெளியே எடுக்கும்போது ஸ்ட்ராப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். நனைந்த உடையின் கனம் முழுவதும் அந்த இரண்டு நூலில் தொங்கும். குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளாலும் அடியில் ஏந்துங்கள். விஸ்கோஸ் நனைந்தால் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும், உலர்ந்ததும் திரும்பப் பெறும். ஈரத்தில் இழுத்தால் கிழிவது அதனால்தான்.

பிறகு உலர்ந்த துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய்போல் சுருட்டி, மேலே உள்ளங்கையால் அழுத்துங்கள். பிழியாமலே தண்ணீர் துண்டுக்குப் போய்விடும்.

இயந்திரத்தில் போட்டே தீர வேண்டுமென்றால் வலைப் பை, 30 பாகை, மென்மையான சுழற்சி, குறைந்த வேகப் பிழிதல். ஜீன்ஸோடும் ஜிப் உள்ள துணியோடும் சேர்க்காதீர்கள். துணியை மென்மையாக்கும் திரவம் நூலின்மேல் ஒரு படலத்தைப் பூசுகிறது. வாசனை இருக்கும், வியர்வையை உறிஞ்சும் குணம் குறையும். குளோரின் பிளீச் பட்டையும் எலாஸ்டேனையும் அரித்துவிடும். நிறம் போகுமா என்று சந்தேகம் இருந்தால் முதல் சலவைக்கு முன் உள்தையலில் ஈர வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். அடர் சிவப்பும் கறுப்பும் முதல் இரண்டு சலவை தனியாகத்தான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? தோலை ஒட்டிய உடை என்றால் இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை, வியர்த்தால் மறுநாளே. பழைய வியர்வை பட்டை மஞ்சளாக்கும்.

இரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான், உடனே. வெந்நீர் பட்டால் கறை நூலில் இறுகிவிடும். உடம்பில் பூசும் எண்ணெய்க் களிம்பின் கறைக்கு டால்கம் பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டிவிட்டு, பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். பட்டில் கறை பட்ட இடத்தை மட்டும் நனைத்தால் தண்ணீர் வளையம் விழும். நனைத்தால் முழுவதையும் நனையுங்கள். வாசனைத் திரவியம், டியோடரண்ட், களிம்பு எல்லாம் பூசிக் காய்ந்த பிறகு உடுத்துவதே பாதிக் கறையைத் தடுத்துவிடும்.

உலர்த்தி, மடித்து

நிழலில், காற்றோட்டத்தில். வெயில் பட்டைப் பழுப்பாக்கும். கிளிப் மாட்டினால் அதன் பல் தடம் நிற்கும். கிராஸ் வெட்டு உடையைத் தொங்கவிடவே கூடாது, தன் கனத்தாலேயே ஒரு பக்கம் நீண்டு ஓரம் கோணலாகிவிடும். உலர்ந்த துண்டின்மேல் தட்டையாகப் போட்டு, கையால் வடிவத்துக்கு நீவிவிடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தின் சூடு எலாஸ்டேனைக் கொல்லும்.

பட்டை இலேசான ஈரம் இருக்கும்போதே உட்புறமாகத் திருப்பி, குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். பாலியஸ்டரில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். பருத்திக்கு வைத்த சூட்டில் மேலங்கியின் கையைத் தொட்டேன். பெட்டியை எடுத்தபோது துணி கூடவே வந்தது, அடியில் ஒட்டிய பிசினைச் சுரண்ட அரை நாள் ஆயிற்று. லேஸுக்குக் கீழே தடித்த துண்டை மடித்துப் போட்டுப் பின்பக்கத்தில் ஒற்றியெடுத்தால் பூவேலை நசுங்காது.

வைக்கும்போது மடித்து அல்லது சுருட்டி இழுப்பறையில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும். பழைய பருத்தித் தலையணை உறை நல்லது. அந்துப்பூச்சியின் புழுவுக்குப் பட்டு உணவு, வியர்வை படிந்த பட்டு விருந்து. நீண்ட நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் துவைக்காமல் வைக்காதீர்கள். அந்துருண்டை துணியில் நேராகப் படக்கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: அகலமான கை வைத்த மெல்லிய மேலங்கியோடு அடுப்பின் அருகிலோ மெழுகுவத்தியின் அருகிலோ போகாதீர்கள். மெல்லிய துணி பிடித்தால் நொடியில் பரவும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டும்.

பழுதும் விடைபெறலும்

நூல் சிக்கி வளையம்போல் வெளியே வந்துவிட்டால் கத்தரிக்காதீர்கள். அங்கிருந்து ஓட்டை விழும். மெல்லிய ஊசியை வளையத்தின் அடியில் பின்பக்கத்திலிருந்து நுழைத்து, நூலை உள்பக்கம் இழுத்துவிட்டு, சுற்றியுள்ள துணியை நான்கு திசையிலும் மெதுவாக நீவினால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்ட்ராப் நீண்டு தொங்கினால் பின்முனையைப் பிரித்து, வேண்டிய அளவு குறைத்து மறுபடி தைப்பது பத்து நிமிட வேலை. ஆனால் எலாஸ்டிக்கிலிருந்து வெள்ளை முடிபோல் இழைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கினால் அதற்கு மருந்து இல்லை. எலாஸ்டிக் பட்டையை மட்டும் மாற்றலாம், துணியிலேயே கலந்திருந்தால் உடையை விட்டுவிட வேண்டியதுதான்.

அந்தக் கரும்பச்சை ஸ்லிப் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழ்ப்பாதியை வெட்டி நாடா கோத்து ஒரு பையாகத் தைத்துவிட்டேன். பயணத்தின்போது லேஸ் வைத்தவை எதுவும் பெட்டியின் ஜிப்பில் சிக்காமல் அதற்குள் வழுக்கிக்கொண்டு கிடக்கின்றன.